புதுசு குலையாத வடிகட்டி

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதற்கும் தன் மேனியில் வெளிக்காற்றுப் படுகிற பாக்கியம் கிடைத்ததில்லை. சோபாச் செற்றி வாங்கி எத்தனையோ வருடம். வெயில் காலத்தில் அதன் பொலித்தீனிலிருந்து எழும்பினால் கால் தோலும் சேர்ந்து உரிந்துவரும். ரீவி றிமோட்டின் உறை மங்கிப்போய், எந்த இலக்கம் எங்கே இருக்கிறதென்று அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். (அவருக்கும் தடவிப் பார்த்துத்தான்.) "உறையைக் கழட்டினால் சாமான் அண்டைக்கே பழசு" என்பது அவருடைய வேதவாக்கு. நான் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவள், இந்தப் பழக்கத்தைச் சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். ஆனால் தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்களே, என் விஷயத்தில் அது தகப்பன் பக்கத்தால் வந்தது.

பட்டம் முடித்த கையோடு மருதனார்மடத்தில் வேலை கிடைத்தது. உரக்கடை ஒன்றின் பின்பக்கத்தில் றியாஸ் நானா ஓர் ஆய்வுகூடம் தொடங்கியிருந்தார். வாழைக்குருத்தில் சின்னத் துண்டு வெட்டி, போத்தலுக்குள் சத்துக்கூழில் வைத்து வளர்த்து, ஒன்றைப் பலவாக்கி, நோயில்லாத கன்றுகளாக விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் திட்டம். நானா, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது சிறுவயதில் குடும்பத்தோடு போய், புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவர். சேர்த்த காசு முழுவதையும் அந்த ஒரு கட்டடத்தில் போட்டிருந்தார்.

இந்தத் தொழிலுக்கு ஒரே எதிரி தூசி. பூஞ்சண வித்து ஒன்று தூசியோடு வந்து போத்தலுக்குள் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் துண்டு வெட்டுகிற மேசையில் ஒரு இயந்திரம் இருக்கும். அலுமாரி மாதிரிப் பெட்டி, பின்பக்கத்தில் மோட்டர், அதற்கு முன்னால் பெரிய வடிகட்டி. வடிகட்டியால் வருகிற சுத்தமான காற்று, வேலை செய்கிறவரின் முகத்தை நோக்கி ஒரே சீராக வீசவேண்டும். அந்தக் காற்றுக்குள்தான் போத்தலைத் திறக்கலாம்.

எனக்கு வேலை கிடைத்த சந்தோஷப் புளுகத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். சண்டிலிப்பாயில் காலங்காலமாகப் புகையிலை நட்ட தோட்டத் தறையை, "என்ரை மகள் இதரை வாழை தரப்போறாள்" என்று சொல்லி, வாழைக்கு மாற்றிவிட்டார். கன்று வருமுன்னரே தறை முழுக்கக் குழியும் வெட்டிவிட்டார். ஊர் முழுக்க அதைச் சொல்லியும் வைத்தார்.

கொழும்பிலிருந்து இயந்திரம் லொறியில் துண்டு துண்டாக வந்தது. பூட்டித்தர வரவேண்டியவருக்குக் காய்ச்சல். "அதுக்கென்ன, நான் பூட்டுவன்" என்றேன். கொழும்பில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த தைரியம். (அதில் மத்தியானச் சாப்பாடுதான் துல்லியமாக ஞாபகம்.) வடிகட்டி பளபளவென்று மொத்தப் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. நானா ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"இதைக் கழட்டுறதோ, தங்கச்சி?"

"ஐயோ, வேண்டாம் நானா! தூசி படும்!"

நான் சொன்ன வேகத்தில் நானா சுட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார். படித்த பிள்ளை சொல்கிறாள் என்ற மரியாதை. உறையோடே வடிகட்டியை உள்ளே தள்ளி, முன்னால் துளைத் தகட்டை வைத்துத் திருகாணி முடுக்கினோம். இயந்திரத்தோடு வந்த கைநூலும் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தது. கைப்பட்டு ஊத்தையாகிவிடும் என்று அதையும் பிரிக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அன்றிலிருந்து தொடங்கியது என் வைத்தியம்.

மோட்டர் முக்கி முனகியது. அமுக்கம் காட்டும் முள் சிவப்பில் போய்க் குந்தியது. முன்னால் வந்த காற்று, நித்திரையில் இருக்கிறவர் மூச்சுவிடுகிற அளவுதான். போத்தல்களுக்குள் வாழையை விடப் பூஞ்சணம் செழிப்பாக வளர்ந்தது. பச்சை, கறுப்பு, றோஸ் என்று கோவில் கொடி மாதிரி நிறங்கள்.

"கரண்டின்ரை குறை நானா, வோல்ரேஜ் காணாது" என்றேன். நானா ஸ்டபிலைசர் வாங்கிவந்தார். மோட்டர் முன்னதை விடப் பலமாக முனகியது.

"கதவால தூசி வருகுது" என்றேன். கதவு ஜன்னல் இடுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினேன். உள்ளே நின்றுகொண்டு ஒட்டியபடியால், நானா வெளியே நின்று கத்தியால் அதை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார்.

மூன்றாவது வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் மூக்கு எரிகிறது. மோட்டருக்குப் பின்னால் பஞ்சு மாதிரி ஒரு முன்வடிகட்டி உண்டு. அதில் அடைப்பு என்று முடிவுகட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி வெயிலில் காயவைத்தேன். நான் வைத்த பாயில் பாதிக்கு அம்மா செத்தல் மிளகாய் பரப்பியிருந்தா. (கண்டேன். கண்டும் கவலைப்படவில்லை. அதுதான் பட்டதாரி.) அடுத்தநாள் அதைப் பூட்டி இயந்திரத்தைப் போட்டதும், வந்த கொஞ்சக் காற்றும் மிளகாய்த் தூளாகவே வந்தது. நானும் நானாவும் முகக்கவசத்தையும் மீறித் தும்மித் தும்மி, திறந்திருந்த போத்தல்களை நாங்களே நாசமாக்கினோம்.

சண்டிலிப்பாயில் குழிகள் காத்திருந்தன. மழை பெய்து அவற்றில் தண்ணீர் நின்றது. தவளைகள் குடிவந்தன. பக்கத்துத் தறைக் கந்தையா மாமா வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பங்கர் வெட்டுறாய்? திரும்பவும் சண்டை தொடங்கிட்டுதோ?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், இடிந்த குழிகளைத் திரும்பச் சரிப்படுத்தினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

கன்றுக்குச் சொல்லிவைத்த விவசாயிகள் ஒவ்வொருவராகக் கழன்றுபோகத் தொடங்கினார்கள். நானா எல்லோரையும் ஆய்வுகூடத்துக்கு அழைத்தார். "மெசினைக் கண்ணால கண்டால் நம்புவினம். இதுவும் சரிவராட்டி மூடுறதுதான் தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை.

அன்று அப்பா வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் கந்தையா மாமா. காற்றுப் போகிற பாதையைப் புகை போட்டுக் காட்டலாம் என்று பயிற்சியில் சொல்லித்தந்தது அதிசயமாக எனக்கு ஞாபகம் வந்திருந்தது. நானா வீட்டிலிருந்து சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார்.

"எல்லாரும் பாருங்கோ. புகை நேரா உங்களை நோக்கி வரும்" என்று அறிவித்தேன்.

புகை வரவில்லை. நேரே மேலே எழும்பி, பெட்டிக்குள் சுழன்று, ஆறுதலாக அறை முழுவதும் பரவியது. கந்தையா மாமா "அரோகரா!" என்று சொல்லிப் புகையை இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. திருகாணிச் சாவியை எடுத்து முன்தகட்டைக் கழற்றினார். தகடு விலகியதும், உள்ளேயிருந்து பொலித்தீன் உறை காற்றைக் குடித்துப் புடைத்துக்கொண்டு 'படக்' என்று முன்னால் வந்தது. பிறகு சுருங்கியது. திரும்பவும் 'படக்'.

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"பாத்தியளே! என்ரை பிள்ளை இன்னும் உறைகூடக் கழட்டேல்லை. எப்பிடிப் புதுசா வைச்சிருக்கிறாள் பாருங்கோ!"

நானா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இதாலை காத்து எப்பிடி வரும்?"

"தூசி படுமெண்டு..." என்று தொடங்கினேன். அந்த இடத்தில்தான் எனக்கே விளங்கியது. தூசியைப் பிடிப்பதற்கென்றே பிறந்த சாமானுக்குத் தூசி படக்கூடாதென்று உறை போட்டுப் பாதுகாத்திருக்கிறேன். வடிகட்டியால் போக வழியில்லாத காற்று, பொலித்தீன் மடிப்புகளின் இடுக்கால் ஊர்த் தூசியைக் கூட்டிக்கொண்டு நேரே போத்தலுக்குள் போயிருக்கிறது. தரை பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். குழி வெட்டியிருந்ததோ சண்டிலிப்பாயில்.

வெட்டுக்கத்தியை எடுத்து உறையைக் கிழிக்கப் போனேன். அப்பா பதறிவிட்டார்.

"கிழியாதை பிள்ளை! நல்ல மொத்தப் பொலித்தீன்! ஓரத்தாலை பதமாக் கழட்டு!"

கழற்றினேன். வடிகட்டியை இடுக்கில்லாமல் பொருத்தி முடுக்கி, இயந்திரத்தைப் போட்டோம். முனகல் நின்றது. முள் சிவப்பிலிருந்து இறங்கிப் பச்சைக்குப் போனது. சாம்பிராணிப் புகை கோடு கீறியதுபோலப் புறப்பட்டு, முன்வரிசை முழுவதின் கண்ணிலும் மூக்கிலும் போய் அடித்தது. எல்லோரும் இருமினார்கள். கந்தையா மாமா இருமலுக்கு நடுவிலும் "அரோகரா" என்றார். அப்பா சால்வையால் கண்ணைத் துடைத்தார். புகை என்றுதான் சொன்னார். பிறகு பொலித்தீனை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வைத்த போத்தல்கள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. கன்றுகள் வளர்ந்து, நாற்றுப் பந்தலில் தேறி, ஒருநாள் சண்டிலிப்பாய்க் குழிகளுக்கு வந்தன. தவளைகள்தான் பாவம், இடம்பெயர்ந்தன.

முதல் குலை தள்ளியபோது, வௌவாலும் அணிலும் தொடாமல் இருக்க அப்பா அதற்கு ஒரு உறை போட்டார். எந்தப் பொலித்தீன் என்று நான் சொல்லத் தேவையில்லை. குலை முற்றிய அன்று நானாவையும் கந்தையா மாமாவையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாழைக்குக் கீழே நிறுத்தினார்.

"நீ கழட்டு பிள்ளை. உனக்குத்தான் பழக்கம் வரவேணும்."

இன்றைக்கும் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், நான் வரும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். என் கல்யாணக் கூறைச்சேலைப் பெட்டியைத் திறந்தபோது அம்மாவே கண்ணாடித்தாளைக் காட்டி, "கழட்டிப்போட்டு உடு, காத்து வரவேணும்" என்றா. பிறிஜ், மின்விசிறி, என் பிள்ளையின் தொட்டில் என்று எல்லா உறைகளையும் என் கையால்தான் உரித்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா பக்கத்தில் நின்று "ஓரத்தாலை, ஓரத்தாலை" என்பார். செற்றிக்கு மட்டும் அவர் இன்னும் அனுமதி தரவில்லை.