பறக்கும் தாமரையும் எங்கள் குடும்ப மானமும்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காக வந்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பெண் குழந்தை இருந்திராது. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருந்த தகப்பன்மாரின் நலனை முன்னிட்டே பிரிட்டிஷ் சர்க்கார் அந்தச் சட்டத்தை இயற்றியது என்பதே உண்மை.

யோசித்துப் பாருங்கள். தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் துப்பாக்கியோடு காவல்காரன். பொழுது சாய்ந்தால் ஒருவரும் வெளியே போகக்கூடாது, ஒருவரும் உள்ளே வரக்கூடாது. காட்டுக்கு அரிசி போகிறதா என்று சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு தகப்பன் சொந்தச் செலவில் செய்துகொள்ள முடியுமா? ஒரு வெள்ளிக் காசு செலவில்லாமல் சர்க்கார் செய்து கொடுத்தது. வாழ்க!

நான் திருநாவுக்கரசு. மந்தின் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி. என் தகப்பனாரும் அங்கே கங்காணிதான். எங்கள் குடும்பத்துக்கென்று இரண்டு கௌரவங்கள் உண்டு. எங்கள் வீட்டுப் பெண் நாங்கள் காட்டுகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவாள். துரை எதைக் கேட்டாலும் 'இல்லை' என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வராது. மகள் நீலாவதியைத் தெமியாங்கில் கடை வைத்திருந்த என் அக்காள் மகனுக்குப் பேசி முடித்திருந்தேன். தை பிறந்தால் கல்யாணம். பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கமிருந்த தெலுங்கு லயத்தையும் வேலிக்குள் கொண்டுவரும்படி உத்தரவு வந்தபோது, எங்கே வைக்கலாம் என்று துரை என்னைத்தான் கேட்டார். என் கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று என் வீட்டுக்குப் பின்புறத்தைக் காட்டினேன். தண்ணீர் பிடிக்க எங்கள் பைப்படியையே அவர்களுக்கும் பொதுவாக்கினேன். நிர்வாகத் திறமை என்பது இதுதான்.

இந்த நிலையில் சிரம்பான் டவுனிலிருந்து சர்க்காரின் படவண்டி வந்தது. மக்களின் 'மன உறுதியை வளர்ப்பதற்காக' அவ்வப்போது வரும். வழக்கமாகக் காட்டிலிருந்து சரணடைந்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவதைக் காட்டுவார்கள். நாங்கள் பசியோடு பார்ப்போம். இந்தத் தடவை ராஜா ராணி படம் என்று தமுக்கடித்ததால் லயமே திடலில் திரண்டுவிட்டது. தமிழர் ஒரு பக்கம், தெலுங்கர் ஒரு பக்கம், நடுவில் துரைக்கு நாற்காலி.

திரையில் எழுத்து ஓடியதும் தெலுங்குப் பக்கம் கைதட்டியது. எங்கேயோ பெட்டி மாறியிருந்தது. வந்திருந்தது தெலுங்குப் படம்.

"கங்காணி! தெலுங்குப் பேச்சு யாருக்கு வரும்? மைக்கில் தமிழில் சொல்லவேணும்" என்றார் துரை.

தெலுங்குப் பக்கத்திலிருந்து அப்பலசாமி எழுந்தான். என் வீட்டுக்குப் பின்வீட்டுக்காரன், மரம் சீவுகிறவன். "தொரே, நான் சொல்றேன். எனக்கு ரெண்டும் வரும்."

நேற்று வேலிக்குள் வந்தவன் மைக்கைப் பிடித்து எங்கள் ஜனத்துக்குக் கதை சொல்வதா?

"எனக்கு வரும் துரை" என்றேன்.

எனக்குத் தெரிந்த தெலுங்குச் சொற்கள் கொஞ்சம்தான். அவையும் சபையில் சொல்லத்தக்கவை அல்ல.

ஆனால் படம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு ராஜா தன் மகளை ஏரி நடுவே கண்ணாடி மாளிகை கட்டி அதில் வைத்திருந்தார். சுற்றிலும் முதலைகள். தகப்பன் என்றால் அவர் தகப்பன்! மாளிகையும் முதலையும் சொந்தச் செலவு. நமக்குக் கிடைத்த சர்க்கார் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்போது ஆகாயத்திலிருந்து ஒரு பெரிய தாமரைமேல் உட்கார்ந்து ஒரு வாலிபன் இறங்கினான். கட்டியிருந்த கயிறு தெரிந்தது. தாமரை அதைப் பொருட்படுத்தவில்லை. இளவரசி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

கண்ணெதிரே ஒரு குடும்பத்தின் மானம் போகும்போது நான் பார்த்துக்கொண்டு இருப்பவனல்ல.

"மகாஜனங்களே! வந்திருப்பவர் இளவரசியின் அண்ணன். காசியில் படிப்பை முடித்துத் திரும்புகிறார்."

தமிழ்ப் பக்கம் ஏற்றுக்கொண்டது. தெலுங்குப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற முனியாண்டிக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. "அண்ணன் எதுக்கு லா அந்தப் பொண்ணு கன்னத்தத் தடவுறான்?"

"அவளுக்குப் பல்வலி. வீக்கம் பார்க்கிறார்."

"இப்ப மடியில படுத்துட்டானே?"

"பிரயாணக் களைப்பு."

புல் வெட்டுகிறவள் பஞ்சாலை பின்னாலிருந்து கத்தினாள்: "ஐயே! எங்க அண்ணன் கெமாசுலேர்ந்து ரயில்ல நின்னுக்கிட்டே வருவான். அவனுக்கே இப்பிடிக் களைப்பு வந்ததில்ல லா!"

திடல் சிரித்தது. அந்த நேரம் பார்த்து இருவரும் பூந்தோட்டத்தில் கட்டிப்பிடித்து ஆட ஆரம்பித்தார்கள்.

"கங்காணி, அண்ணனும் தங்கச்சியும் இப்பிடி ஆடுறது எந்த ஊருப் பழக்கம்?" என்றான் முனியாண்டி.

"தெலுங்கு தேசத்துப் பழக்கம்" என்று மைக்கில் அறிவித்தேன்.

தெலுங்குப் பக்கம் மொத்தமாக எழுந்து நின்றது.

"ஏமி கங்காணி! எங்கள என்னான்னு நெனச்சே? மாடுன்னா?" என்று ஒரு கிழவர் தடியை ஓங்கினார். தமிழ்ப் பக்கமும் எழுந்தது. பெஞ்சுகள் கவிழ்ந்தன. முனியாண்டி சட்டையைக் கழற்றிவிட்டான். காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். யாரை நோக்கி நீட்டுவது என்று தெரியாமல் திரையில் இருந்த ராஜாவை நோக்கி நீட்டினான்.

அந்த அமளியில் என் கையிலிருந்து மைக் போய்விட்டது. பிடுங்கியவள் நீலாவதி.

"எல்லாரும் உக்காருங்க! அவரு அண்ணன் இல்ல. படகுக்காரர் மகன். அந்தப் பொண்ணு அவரத்தான் கட்டிக்கப்போறேங்குது."

திடல் அடங்கியது. வாலிபன் ஏதோ சொன்னான்.

"'என்னோட வந்தா கண்ணாடி மாளிகை கெடையாது, கூரை வீடுதான்'னு சொல்றாரு."

இளவரசி பதில் சொன்னாள். நீலாவதி ஒரு கணம் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "'கூரை வீடுன்னா என்ன, அதுல சன்னல் இருக்குமில்ல'ங்குது."

இரண்டு பக்கமும் கைதட்டியது. அவசரகாலத்தில் எங்கள் தோட்டத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒரே விஷயத்துக்குக் கைதட்டியது அதுவே முதல் தடவை. கிழவர் தடியைக் கீழே போட்டார். முனியாண்டி சட்டையைத் தேடினான்.

என் மனைவி மயிலம்மாள்தான் கேட்டாள். அவள் மெதுவாகப் பேசப் பழகாதவள்.

"ஏண்டி நீலா, ஒனக்கு எப்பிடிடீ தெலுங்கு வந்துச்சு?"

"பைப்படியில வந்துச்சும்மா" என்றாள் நீலாவதி, மைக்கிலேயே.

அதற்குப் பிறகு ஒருவரும் படம் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் அப்பலசாமி பக்கம் திரும்பியிருந்தன. அவன் தன் கால் கட்டைவிரலை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அவ்ளோ நேரம் ஆனது தண்ணி பிடிக்க மட்டும் இல்ல போலிருக்கு லா" என்றாள் பஞ்சாலை.

படம் முடிந்ததும் துரையும் படவண்டி ஆபீசரும் என்னிடம் வந்தார்கள். ஆபீசர் தமிழர், மூக்குக்கண்ணாடிக்காரர்.

"கங்காணியாரே, எங்கள் படத்துக்கு எந்தத் தோட்டத்திலும் ஜனங்கள் தூங்கத்தான் செய்வார்கள். இன்றைக்கு ஒற்றுமையைக் கண்ணால் கண்டேன். உங்கள் மகளும் அந்தப் பையனும் வண்டியோடு வரட்டும். கெமாஸ் வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போய் அவள் தமிழில் சொல்லட்டும், அவன் தெலுங்கில் சொல்லட்டும்."

"நான் போறேன்" என்றாள் நீலாவதி. அவளை யாரும் கேட்கவில்லை.

"நானும்" என்றான் அப்பலசாமி. அவனையும் யாரும் கேட்கவில்லை.

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன். கத்துவதும் குதிப்பதும் எங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஒரே வார்த்தையில் கதவை அடைத்தேன்.

"குடும்பத்துப் பெண், புருஷன் கூட வராமல் லாரி ஏறமாட்டாள்!"

துரையின் அரைகுறைத் தமிழுக்கு அது எட்டவில்லை. ஆபீசர் அதை இங்கிலீஷில் அவருக்குச் சொன்னார். துரையின் முகம் மலர்ந்தது.

"நல்ல யோசனை கங்காணி! பொண்ணு, புருஷன் கூடப் போகட்டும். பையன் நல்ல பையன். கல்யாணம் சீக்கிரம் பண்ணு. சரியா?"

என் வாய் 'இல்லை' என்ற சொல்லைத் தேடியது. பரம்பரையில் யாரும் சேர்த்து வைக்காததால் அது அகப்படவில்லை.

"சரி துரை" என்றேன்.

"அப்பாடா!" என்றாள் மயிலம்மாள். அது யார் பக்கத்து 'அப்பாடா' என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

என் அக்காள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கூட்டம் கூடுவதற்கு உத்தரவு வாங்கி, பங்கீட்டு அரிசியில் பந்தி போட்டு, ஊரடங்குக்கு முன்னால் எச்சில் இலையை எடுத்து, கல்யாணத்தைக் கௌரவமாக முடித்தேன். மறுநாள் காலையிலேயே லாரி வந்தது. காவல்காரன் சலாம் போட்டு, கேட்டை அகலத் திறந்துவிட்டான். மகள் முன்சீட்டில் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனாள்.

ஆகவே, அந்தக் காலத்து அபாயங்களைப் பற்றி என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் நடந்ததை மட்டும் சொல்கிறேன். காட்டிலிருந்தவர்கள் எத்தனையோ வருஷம் வேலிக்கு வெளியிலேயே சுற்றினார்கள். என் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்ததில்லை. பட்டப்பகலில் வாசல் வழியாக வந்து, நான் பெற்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது சர்க்கார் லாரி. ஆனால் பிடித்துக் கொடுத்தால் சன்மானம் என்று நோட்டீசு போட்டு ஒட்டியிருந்தது யாருடைய படத்தை என்று நினைக்கிறீர்கள்? காட்டிலிருந்தவர்களுடையதை!