கராச்சிக்கு ஒன்றரை நாள்

"புதன்கிழமை வடக்கே சூலம்னு ஊருக்கே தெரியும். ஆகாய விமானம் விடறவனுக்கு மட்டும் தெரியாதோ?" என்று பஞ்சாங்கத்தைப் படீரென்று மூடினார் தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா சாம்பசிவம்.

மாப்பிள்ளை ஹாலாஸ்யத்துக்குக் கராச்சியில் புது உத்தியோகம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இன்னிக்குத் திங்கக்கிழமைதானே மாமா? ராத்திரி ரயில்லயே கிளம்பிடறேன். சனிக்கிழமை விடிகாலையில போய்ச் சேர்ந்துடலாம்," என்றான் ஹாலாஸ்யம்.

சாம்பசிவத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாலரை நாள் கரிப்புகையைத் தின்னுண்டு போகணுமா? மெட்ராஸிலேர்ந்து கராச்சி ஆயிரத்து முந்நூறு மைல். விமானத்துல ஒன்றரை நாள். வியாழன் விடிகாலையில ஏறினா வெள்ளி மத்தியானம் கராச்சி. சீட்டும் வாங்கியாச்சு. அப்புறம் என்ன அவசரம்?"

வியாழக்கிழமை விமானத்துக்குப் புதனன்று மதுரையை விட்டு வடக்கே மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டும். அன்றுதான் அந்தத் திசையில் போகக் கூடாத சூலம். அதற்குப் பரிகாரம் பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறு வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் ஆளே புறப்பட்ட கணக்கு. பிறகு போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று காலை ஒன்பது மணிக்கு மேல் பெட்டி எதிர்வீட்டுக்குப் போனது.

"எதிராம் தெற்கேன்னா இருக்கு அப்பா," என்றாள் மகள் ஜானு.

தெற்கே வீடு கட்டியவனைத் திட்டிக்கொண்டே, பெட்டியை ஜட்காவில் ஏற்றி வடக்கே சமயநல்லூருக்கு அனுப்பினார். அங்கே, அவரோடு வேலை பார்த்து ரிட்டயரான சவரியப்பன் இருந்தார். கூடவே ஒரு சீட்டு: 'மாப்பிள்ளையின் கராச்சிப் பயணம் தொடங்கிவிட்டது. இந்தப் பெட்டி எக்காரணம் கொண்டும் மதுரைக்குத் திரும்பக் கூடாது.'

ஜட்கா கண்ணுக்கு மறைந்த பிறகு ஹாலாஸ்யம் சட்டைப்பையைத் தடவினான்.

"மாமா, விமானச் சீட்டும் வேலை உத்தரவும் பெட்டிக்குள்ளே இருக்கு."

"இருக்கட்டும். பெட்டி திரும்பினா பயணமே திரும்பின மாதிரி. புதன்கிழமை எடுத்துக்கலாம்."

புதன்கிழமை, ராகுகாலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் பூனை ஒன்று குறுக்கே போனது. திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். சமயநல்லூர் போய்ச் சேரும்போது மணி நாலு.

மாப்பிள்ளையைக் கண்டதும் சவரியப்பன் முகம் வெளிறிவிட்டது.

"என்ன சார், இவரு இன்னும் போகலையா?"

"பெட்டியைக் கொண்டு வாரும். ரயிலுக்கு நேரமாச்சு."

"பெட்டியா? மாப்பிள்ளை கிளம்பிப் போயிட்டாரு, பெட்டிய மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன் சார். திரும்பக் கூடாதுன்னு வேற எழுதியிருந்தீங்க. திங்கக்கிழமை ராத்திரி ரயில்லயே கராச்சிக்குப் போட்டுட்டேன்."

சாம்பசிவம் கத்தினார்.

"பரஸ்தானம்னா என்னன்னு தெரியாதா ஓய்? இருபது வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து என்னத்தைக் கத்துண்டீர்? பிளேன்காரனுக்குப் பஞ்சாங்கம் தெரியல. எதிராத்துக்காரனுக்குத் திசை தெரியல. உமக்கு ஒண்ணுமே தெரியல. என் மாப்பிள்ளை உத்தியோகம் போச்சே!"

முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சவரியப்பன் மனைவி பிலோமினாள் முறத்தை வைத்துவிட்டு, விரல் விட்டு எண்ணினாள்.

"பெட்டி சனிக்கிழமை விடியக்காலையில போய் எறங்கிரும், வேலைக்குச் சரியான நேரம்தான். அன்னைக்கே இவரையும் அதோட ஏத்தி விட்டிருக்கலாமே சார்?"