பஸ்லான் வீட்டுக்காரர் ஆன கதை

வெள்ளிக்கிழமை பகல் சோற்றில் கை வைப்பதற்கு முன் பஸ்லான் அறிவித்தான்.

"கேட்டியா புள்ள, மேல் வீட்டத் திருத்தி வாடகைக்கு விடப்போறன். இனி நான் வீட்டுக்காரர்."

"இப்பயும் நீங்க என்ட வீட்டுக்காரர்தானே?" என்றாள் மனைவி றுக்கியா.

"அது வேற வீட்டுக்காரர்!"

அவன் ஆசையிலும் நியாயம் இருந்தது. அவர்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குக் குடிவந்து தலை நரைத்த பிறகும் தெரு அவனை 'றுக்கியா வீட்டு பஸ்லான்' என்றே சொன்னது. துறைமுகத்தில் கப்பல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற ஆள், வீட்டில் மட்டும் விருந்தாளி. மௌத்தாகிக் கண்ணை மூடும் முன் யாராவது ஒருவர் தன்னை இந்த வீட்டின் சொந்தக்காரனாக மதித்து 'வீட்டுக்காரர்' என்று சொல்லக் கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

அதற்காகப் போனில் ஆலோசனை வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான்.

"முதல்ல என்ன செய்யோணுமாம்?" றுக்கியா பணிவாகக் கேட்டாள்.

"வாற ஆளப் பத்தி நல்லா விசாரிக்கோணும். பிறகு, நாமளே இருக்க ஆசைப்படுற மாதிரி வீட்டத் திருத்தோணும்."

"நாமளே இருக்க ஆசைப்படுற மாதிரியா? நல்ல யோசினதான்."

மறுநாளே அவள் செய்தி கொண்டுவந்தாள்.

"இஞ்சாருங்க, மேல் வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கு."

"எப்பிடி ஆள்?"

"தங்கமான பொம்புள. கேட்டதச் செஞ்சு குடுத்தா சத்தம் போடமாட்டா. இடையில விட்டுட்டுப் போகவும் மாட்டா."

"புருஷன்?"

றுக்கியா பெருமூச்சு விட்டாள். "வீட்டுக்காரர்தான் சோம்பேறி. குசினிப் பைப்பு ஒழுகத் தொடங்கி மூணு பெருநாள் போயிட்டுது. திரும்பியும் பாக்கமாட்டார்."

"அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"அதத்தான் நானும் யோசிக்கிறன்."

பஸ்லானுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் பொங்கியது. "வரச்சொல்லு! நல்ல வீட்டுக்காரர் எண்டா எப்பிடி இருப்பார் எண்டு அவவுக்குக் காட்டுறன்!"

காட்டினான். அவவுக்கு இளம்பச்சைச் சுவர் விருப்பம் என்றாள் றுக்கியா, பூசினான். நுளம்பு ஆகாது என்றாள். யன்னலுக்கெல்லாம் வலை அடித்தான். குசினியில் சமையல் சாமான் வைக்கத் தட்டு, வாசலில் கடல் பார்த்து உட்கார ஒரு கதிரை. புதுப் பைப்பைப் பூட்டும்போது முகம் தெரியாத அந்தச் சோம்பேறியை வாய் நிறையத் திட்டினான். கீழே தங்கள் பைப்பு சொட்டிக்கொண்டிருந்தது அவன் காதில் விழவில்லை.

குடிவரும் நாளன்று மடிப்புக் கலையாத சேட்டோடு கேற்றடியில் நின்றான். உப்புவெளியிலிருந்து சாமான் ஏற்றிய லொறியில் ரஜீவனும் அவன் மனைவி நிரோஜினியும் வந்து இறங்கினார்கள். மூணு பெருநாள் பைப்பைப் பார்க்காத முகம் இதுதானா என்று பஸ்லான் ரஜீவனை முறைத்துவிட்டு, மேலே கைகாட்டினான்.

"மேலயோ? எங்களுக்குக் கீழ் வீடெண்டுதானே றுக்கியா அக்கா சொன்னவ" என்றான் ரஜீவன்.

பஸ்லான் திரும்பினான். சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு றுக்கியா மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்க புள்ள போறாய்?"

"குடிபோறன்."

"அப்ப அந்தப் பொம்புள?"

"நான்தான்."

"அப்ப அந்தச் சோம்..." அவன் விரல் தன் நெஞ்சையே காட்டியது.

அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். பைப்பு உண்மை. பெருநாள் உண்மை. சத்தம் போடமாட்டா என்பதும், கேட்டதைச் செய்து கொடுத்தால், உண்மை. ஒரு பொய்கூட இல்லை! இத்தனை கச்சிதமான வேலையை அவன் எந்தக் கப்பல் எஞ்சினிலும் கண்டதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் வியப்புத்தான் வந்தது. மேலே ஏறினான். வலைக்குள்ளால் கடற்காற்று வந்தது. துறைமுகம் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. பச்சைச் சுவரில் சாய்ந்து நின்று அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஷா அல்லாஹ்!" என்றான், தன்னை அறியாமல்.

"வீட்டயா, என்னயா?"

"வீட்டத்தான்" என்று சமாளித்தான்.

போகட்டும். கீழே குடியிருப்பவர்களுக்காவது தான் வீட்டுக்காரர்தானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடிக் கம்பியைப் பிடித்து நின்றான்.

கீழேயிருந்து நிரோஜினியின் குரல் வந்தது.

"றுக்கியா அக்கா! அலுமாரி தூக்க இன்னொரு ஆள் வேணும். உங்கட வீட்டுக்காரர் சும்மாதானே நிக்கிறார், ஒருக்கா அனுப்பிவிடுங்கோ!"