சிங்கத்தை விசாரித்த ஆடு

கிரேக்கர்களுக்கு அறிவைக் கொடுத்தது ஏதென்ஸ் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். எங்கள் தீவின் ‘மாதர் ஒழுங்கு மன்றம்’ நடத்திய விசாரணையைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை, பாவம்.

மன்றத்தில் தலைவர் ஃபைதிமோஸ், அவருடைய மைத்துனர் ஆர்க்கியாஸ், அடியேன். தலைவரின் மனைவி பாம்புத்தலைக் கங்கணம் வாங்கிய அன்றே அவரை எதிர்த்துப் பேசிவிட்டாள். குற்றம் பாம்பினுடையது என்று தலைவர் கண்டுபிடித்தார். உடனே சட்டம் பிறந்தது: பெண்கள் அணியும் தங்கத்தில் கொடிய விலங்கு கூடாது. சாதுவான விலங்குக்குத் தடையில்லை.

முதலில் சிக்கியவள் துறைமுகத்தில் மது விற்கும் மிர்ட்டிஸ். மகள் கல்யாணத்துக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த காதுவளையங்களின் முனையில் சிங்கமுகம்.

“சிங்கம்னு யாருய்யா சொன்னது? கன்னுக்குட்டி அது.”

“பிடரிமயிர் இருக்கேம்மா?” என்றார் ஆர்க்கியாஸ்.

“தலைவருக்கும்தான் இருக்கு. அவரு என்ன, கடிக்கிறாரா?”

ஆழமான கேள்வி. எங்களில் எவரும் சிங்கத்தைப் பார்த்ததில்லை. வளையத்தைச் செய்த பொற்கொல்லரும் பார்த்ததில்லை; இன்னொரு வளையத்தைப் பார்த்துச் செய்தவர். எனவே தலைவர் ஒரு சோதனையை வகுத்தார்.

“ஒரு ஆட்டைக் கொண்டாங்க. பயந்து ஓடினா சிங்கம். ஓடலைன்னா கன்னுக்குட்டி.”

ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் ஆடு வரவழைக்கப்பட்டது. சிங்கம் காட்டில் இருப்பதுபோல் தோன்றவேண்டும் என்று தலைவரே வளையங்களை அத்தியிலைக் கொத்தில் மாட்டி நீட்டினார். ஆடு முகர்ந்தது. ஓடவில்லை. இலையோடு சிங்கங்களையும் விழுங்கியது.

“ஐயோ, எம் பொண்ணு வளையம்!”

“கத்தாதேம்மா. சிங்கத்தையே தின்னிருச்சு. அப்போ ஆடுதான் கொடிய விலங்கு,” என்றார் ஆர்க்கியாஸ்.

“காலையில தானா வெளிய வந்துரும்யா! நான் இங்கேயே உக்காந்து பாத்துக்கறேன்!”

“சாட்சியம் அந்த வழியா வந்தா மன்றத்துக்கு என்ன மரியாதை?” என்று தலைவர் மறுத்துவிட்டார்.

ஆடு தேவிக்குப் பலியானது. வயிற்றை ஆராயும் அருவருப்பான பணியை வேறு யார் தலையிலும் கட்டாமல், தலைவரும் மைத்துனரும் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே செய்தார்கள். என்ன தியாகம்! பிறகு இறைச்சியை உப்பும் ஆலிவ் எண்ணெயும் தடவிச் சுட்டு, மூவரும் கடைசி எலும்புவரை தேடினோம். அகப்படவில்லை.

தீர்ப்பை நானே வாசித்தேன்: “தங்கம் செரித்துவிட்டது.”

வாசலில் நின்ற மிர்ட்டிஸ் கேட்டாள். “தங்கம் செரிக்குமாய்யா? எந்த வயித்துல?”

“ஆட்டு வயித்துல.”

“ஆடு செத்துப்போச்சு. ஏப்பம் உங்களுக்குல்ல வருது!”

மகள் வெறுங்காதோடு மணமேடை ஏறினாள். எளிமைக்கு எடுத்துக்காட்டு என்று அவளை மன்றம் ஒருமனதாகப் பாராட்டியது.

அந்த வாரமே எங்கள் மனைவிமார் ஆளுக்கொரு புதுத் தங்க மோதிரம் போட்டுக்கொண்டார்கள். எந்த மோதிரத்திலும் ஒரு விலங்குகூடக் கிடையாது. சட்டத்தை நாங்கள் அவ்வளவு மதிக்கிறோம்.