கருங்கல் குழுவும் ஆதிலட்சுமியின் கிரிவலமும்

பௌர்ணமியன்று பெண்டாட்டியை மலை சுற்ற அனுப்பியே தீருவது என்று சகாதேவன் சபதம் எடுத்தான். ஆஹா, மனிதனுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டதே என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு வீட்டுக்குக் கேமரா வருகிறது. கேமரா வரும் நேரத்தில் ஆதிலட்சுமி வீட்டில் இருக்கக் கூடாது. அவள் வாயைத் திறந்தால் இவன் கதை கந்தல்.

விஷயம் இதுதான். இன்றைக்கு மோட்டார் பம்பு கடையும் ஒரு தொப்பையும் வைத்திருக்கிற சகாதேவன், இருபது வருஷத்துக்கு முன்னால் தோள்வரை முடி வைத்திருந்தான். கிட்டாரும் வைத்திருந்தான். சிநேகிதர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 'கருங்கல்' என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தான். ஒட்டின நோட்டீஸைப் பார்த்துவிட்டு, ஒரு லோடு ஜல்லி எப்போ வரும் என்று மேஸ்திரிகள் வந்து கேட்டார்கள். அசரவில்லையே! கீழ்பென்னாத்தூரில் ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் மைக்கைத் தொங்கவிட்டு, 'நிலாத் தூசி' என்று ஓர் ஆல்பம் பண்ணியேவிட்டார்கள். அப்போது அதை ஈ காக்கா சீண்டவில்லை. இப்போது எந்தப் புண்ணியவானோ அதை யூடியூபில் ஏற்றிவிட, "கிளாசிக்! காவியம்!" என்று காலேஜ் பிள்ளைகள் உருகுகிறார்கள்.

உருகல் எல்லாம் அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான். அதில் வார்த்தையே கிடையாது. வெறும் ஹம்மிங். எங்கிருந்தோ வரும், மலைமேல் மேகம் போகிற மாதிரி மெல்ல நகரும், தீர்ந்துவிட்டதோ என்று மனசு பதறும்போது திரும்பி வரும். கேட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அது குரலா, கருவியா என்று கமெண்டில் ஒரே அடிதடி.

ஆவணப்படம் எடுக்கப்போகிறேன் என்று சென்னையிலிருந்து ஓவியா என்கிற பெண் போனில் கேட்டபோது சகாதேவன் கொஞ்சமும் கூசவில்லை. "கிட்டார்தாம்மா. மலையைப் பாத்துக்கிட்டே தியானத்துல வாசிச்சது" என்று அடித்துவிட்டான்.

சுத்தப் பொய். சிநேகிதர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், கிடங்குக்காரர் மகள் மூலையில் உட்கார்ந்து கடலை பொறுக்கிக்கொண்டே வாய்க்குள் பாடினாள். ஓடிக்கொண்டிருந்த மைக் அதைப் பிடித்துக்கொண்டது. வெயில் கீற்றில் கடலைத் தூசி மிதக்க, சகாதேவன் கிறங்கிப்போய் நின்றான். அந்தக் கிறக்கத்திலேயே அவளைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டான். அவள்தான் ஆதிலட்சுமி.

"லட்சுமி, பௌர்ணமி வருதே. மலை சுத்திட்டு வாயேன்."

"என்னாங்க அதிசயமா இருக்குது? போன மாசம் போறேன்னப்ப, மாவு யாரு ஆட்டுறதுன்னு கத்துனீங்க?"

"நான் ஆட்டுறேன்."

ஆதிலட்சுமி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் இல்லியே!"

"உன் முட்டி வலிக்குத்தான் சொல்றேன்."

"முட்டி வலிக்காரிய அவ்ளோ தூரம் நடக்கச் சொல்றீங்களா?"

"மெதுவா நட. அவசரமே வேணாம். அடி அண்ணாமலையில உக்காந்து மோர் குடி, சுண்டல் சாப்புடு. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், முண்டியடிக்காத."

"வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"யாரு வரப்போறா? பாவம், நீயும் வீடே கதின்னு கெடக்குற."

"இவ்ளோ ஆசையா சொல்றீங்க. போறேன்" என்றாள். பரம சாது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் பௌர்ணமி. வெயில் தாழ அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். சகாதேவன் பரணிலிருந்து கிட்டாரை இறக்கினான். உள்ளே இருந்த பல்லி முட்டையைத் தட்டிவிட்டு, ஜிப்பா மாட்டிக்கொண்டு, மலை தெரிகிற ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தான். மலை நீலமாகி, ஊதாவாகி, கறுத்தது. ஓவியா வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. பௌர்ணமிக்கு ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், டவரும் திணறும் என்பது திருவண்ணாமலையில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெண்டாட்டியை அனுப்புகிற மும்முரத்தில் இவன் மறந்து தொலைத்தான்.

நிலா வந்தது. ஜனங்கள் நடக்கிற சரசரப்பு தெருக்கோடியில் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்குக் கண் சொருகியது. சொருகின கண்ணுக்குள் தோள்வரை முடி வளர்ந்தது. கிடங்கு வந்தது, தூசி மிதந்தது. அந்த ஹம்மிங்கும் வந்தது. என்ன சுகமான கனவு என்று அவன் சிரித்துக்கொண்டான்.

கனவு படியேறி வந்து கதவைத் தட்டியது.

வாசலில் ஆதிலட்சுமி. காலெல்லாம் புழுதி, வாய்க்குள் பாட்டு. பின்னால் கேமராவும் கையுமாக ஒரு பெண், நொண்டிக்கொண்டே.

"நான்தான் ஓவியா, சார். எங்க வண்டிய கீழ்பென்னாத்தூர் ரோட்டுலயே நிறுத்திட்டாங்க. அக்கா சொன்ன மாதிரியே ராஜகோபுரத்துக்கிட்ட வந்து கூட்டிக்கிட்டாங்க."

"சொன்ன மாதிரியா?" என்றான் சகாதேவன்.

"நேத்து நீங்க குளிக்கிறப்ப இந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு" என்றாள் ஆதிலட்சுமி. "பௌர்ணமியில வண்டி வராது கண்ணு, கோபுரத்துக்கிட்ட நில்லு, நான் வரேன்னு சொன்னேன்."

"கோபுரத்துலேர்ந்து வீடு கூப்புடு தூரமாச்சே! நேரா வர வேண்டியதுதான?"

"நீங்கதான மலை சுத்தச் சொன்னீங்க? ஆரம்பிச்சிட்டு பாதியில திரும்பலாமா? அந்தப் பொண்ணும் கூடவே வந்துச்சு. மெதுவா நடந்தோம். மோர் குடிச்சோம்."

"என்னா சொன்ன அவங்ககிட்ட?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. நடக்குறப்ப எப்பவும் போல வாய்க்குள்ள பாடிட்டே வந்தேன். அவ்ளோதான்."

ஓவியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குபேர லிங்கத்துக்கிட்ட வர்றப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, சார். சரி, அதையே நீங்க கிட்டார்ல ஒருக்கா வாசிங்களேன்."

சகாதேவன் வாசித்தான். 'கொர்ர்' என்றது. ஒரு கம்பி அறுந்து மூக்கில் அடித்தது. ஆதிலட்சுமி குழாயடியில் கால் கழுவிக்கொண்டே மறுபடி பாட, அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாழாய்ப்போன கண் மூடிக்கொண்டது. இவள் பாடினால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு சிலிர்க்கிறதே, என்ன செய்வது!

அதற்காகப் பேட்டி கொடுக்காமல் விடுவானா? மலை, நிலா, தியானம் என்று மூச்சு விடாமல் பேசித் தள்ளினான். ஓவியாவும் பொறுமையாக எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனாள்.

படம் வந்த அன்று அவன் தெருவையே கூட்டி டி.வி. முன்னால் உட்கார வைத்தான். திரை முழுக்க நிலா. நிலாவுக்குக் கீழே ஆதிலட்சுமி நடந்துகொண்டே இருந்தாள். கூடவே அந்த ஹம்மிங். கடைசியில் சகாதேவன் வந்தான். கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். உதடுதான் அசைந்தது, பேச்சு வரவில்லை. அதன்மேலும் அவள் ஹம்மிங்கே ஓடியது. பேச்சு போனால் போகிறது, பேராவது போட்டிருப்பார்கள் என்று திரைக்குக் கீழே பார்த்தான்.

போட்டிருந்தார்கள்: 'சகாதேவன், ஆதிலட்சுமி அவர்களின் கணவர்.'