மாப்பிள்ளையின் வேலையும் என் சிவப்புக் காலுறையும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், மாப்பிள்ளை நலம், அணியில் இருக்கிற பெண்கள் பதினெட்டுப் பேரும் நலம். சட்டைகள் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் பிள்ளைகளும், கடையில் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட உன் அண்ணியும் சுகம்தானே?

என்னை எதற்கு அனுப்பினாய் என்பதை மறக்கவில்லை. "சங்கத்துக்காரங்களா அவரை வெளியே போன்னு சொல்றதுக்கு முன்னாடி நீயே கூட்டிட்டு வந்துடுண்ணா. ரேடியோ வேலை போனப்போ எட்டு மாசம் வாயே திறக்காம இருந்தாரு. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது" என்று பஸ் கிளம்பும் வரை சொல்லிக்கொண்டே வந்தாய். ரேடியோ வேலை போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பதினான்கு வருஷம் கோல்கீப்பராக நின்ற மனுஷனை ஹாக்கி வர்ணனைக்கு உட்கார வைத்தால் வேறு என்ன நடக்கும்? கோல் விழுந்ததும் அடித்தது யார் என்று கேட்க எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். இவரோ, "கீப்பர் மேல தப்பே இல்லைங்க, முன்னாடி நின்னவங்க மறைச்சுட்டாங்க, வெயில் வேற கண்ணுல அடிக்குது பாருங்க" என்று கோல் வாங்கியவருக்கு ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கோல் விழுந்திருக்கும். ஒரு இறுதிப் போட்டியில் ஜெயித்தது யார் என்று அறிய நான் மறுநாள் பேப்பர் வாங்க வேண்டியதாயிற்று. கேட்ட சரக்கைக் கொடுக்காத கடைக்கு எவன் வருவான்?

அதனால்தான் இந்தப் பெண்கள் ஹாக்கி அணிக்கு மேலாளர் வேலை கிடைத்தபோது எல்லாரையும்விட நான் சந்தோஷப்பட்டேன். மைக் கிடையாது, பேச்சு கிடையாது. பஸ், சாப்பாடு, அறைச்சாவி, துணிமணி, அவ்வளவுதான். சந்தோஷத்தில் அணி முழுவதற்கும் சிவப்புக் காலுறை அனுப்பி வைத்தேன். நீகூட, "எங்கண்ணன் மனசு யாருக்கு வரும்" என்று அக்கம்பக்கமெல்லாம் சொன்னாய். இப்போது ஒளிப்பானேன்? அது இரண்டு வருஷமாக நம் கடையின் மேல்தட்டில் தூங்கிய சரக்கு. சாயம் நிற்குமா என்ற சந்தேகம் எனக்கே உண்டு. சும்மா கொடுப்பதுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை பையோடு இவர்கள் தங்கியிருக்கும் விடுதிக்குப் போனால், பின்கட்டுக் கொடியில் பதினெட்டுச் சட்டைகள் தொங்குகின்றன. வெள்ளையாக இருந்தவை. துவைக்கிற ஆள் வரவில்லை என்று மாப்பிள்ளையே சட்டையையும் காலுறையையும் ஒன்றாக இயந்திரத்தில் போட்டிருக்கிறார். எல்லாம் ரோஜா நிறம். மாலை நாலு மணிக்கு ஆட்டம். ஹாக்கி சங்கத்தின் செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். நிறம் மாறவில்லை. "யார் பண்ண வேலை இது?" என்று கேட்டார். "நான்தாம்மா. சுடுதண்ணியில போட்டுட்டேன். காலுறை மேல தப்பே இல்லை" என்றார் உன் வீட்டுக்காரர். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், கையில் கடைப்பெயரைப் பெரிதாக அச்சடித்த பை. பெயர் வெளியே தெரியாதபடி பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். "இந்த ஆட்டம் முடியட்டும், உங்களை வைக்கிறதா அனுப்புறதான்னு பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "நிஜமாவே சுடுதண்ணியா மாப்பிள்ளை?"

"பச்சைத் தண்ணிதான் மச்சான்."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க? வேலை போயிடும்யா!"

"நீங்க நிக்கிறீங்க. உங்களை வெச்சுக்கிட்டே உங்க சரக்கைத் திட்டுவாங்க. நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, "டீ சாப்பிட்டீங்களா?" என்றார்.

எத்தனை பேரிடம் எத்தனை சரக்கு தள்ளியிருப்பேன், ஒருநாளும் உறுத்தியது கிடையாது. நேற்று டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் அத்தனை பேருக்கு அவர் சொன்ன ஆறுதலைக் கேட்டுச் சிரித்தவன் நான். அது என் பக்கம் திரும்பி வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

மாலையில் அந்தச் சட்டையோடுதான் ஆடினார்கள். "என்ன நிறம்மா இது? அணிப் பட்டியல்ல வெள்ளைன்னுதானே எழுதியிருக்கு?" என்று நடுவர் கேட்டதற்கு, "வெள்ளைதான் சார், கொஞ்சம் வெட்கப்படுது" என்றாள் அணித் தலைவி. நடுவரே சிரித்துவிட்டார். ஆட்டம் சமன். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நேராகச் செயலாளரம்மாவிடம் போய், சரக்கு என்னுடையது, சாயம் நிற்காதென்று தெரிந்தே அனுப்பினேன், தண்ணீர் பச்சைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். "எழுதிக் கொடுங்க" என்றார். கடை முத்திரை குத்தியே எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப அவர் என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு. நாளைக்குச் சொல்றேன்" என்றார். உதவப் போய் நான் கெடுத்த லட்சணம் இது.

இனி இங்கே ஒன்றும் இல்லை, தங்கச்சி. அவராகவே ராஜினாமா எழுதட்டும், மானமாவது மிஞ்சும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடையில் ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேஜை போட அண்ணியிடம் சொல். பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொள். நீயும் அழாமல் இரு. எல்லாரும் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், செயலாளரம்மா வந்துவிட்டார். என் கண்ணெதிரே மாப்பிள்ளையிடம், "தன் தப்பை அணிமேல போட்டு ஓடற மேனேஜர் நாலு பேரைப் பார்த்துட்டேன். அடுத்தவங்க தப்பைத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கறவரை இப்பத்தான் பார்க்கறேன். அடுத்த வருஷமும் நீங்களே இருங்க. ஆனா துணி துவைக்காதீங்க" என்றார். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடு. மேஜை வேண்டாம். அவரைக் கூட்டிப்போகத்தான் வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. நீயும் மூச்சு விடாதே. சனிக்கிழமை அந்தப் பஸ்ஸில் நாங்கள் வரவில்லை, அடுத்த ஆட்டத்துக்குப் பிள்ளைகளோடு நீ கிளம்பி வா. "அவ ஒரு ஆட்டம்கூட நேர்ல பார்த்ததில்லை மச்சான்" என்று இப்போதுதான் சொன்னார். மைதானத்தில் மேலாளர் பெஞ்சுக்கு நேர் பின்னால் மூன்று இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.