மூன்றாம் ரீல் பாட்டு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். சங்கராபுரம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர் மாயவனுக்கு வேலை போகவிருந்தது. காரணம், ஒரு பாட்டு.

ஓடியது மர்மப் படம். கொலைகாரன் யாரென்று கடைசி ரீலில்தான் தெரியும். மூன்றாம் ரீலில் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி பனியில் பாடிக்கொண்டே போவாள். பாட்டு தொடங்கியதுதான் தாமதம், வெள்ளிமலையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெருமாயிக்கு அருள் வந்துவிட்டது. மணல் தரையில் தலைவிரித்து ஆடினாள்.

"டேய்! வக்கீலுதான்டா கொன்னவன்! கோட்டுக்குள்ள கத்தி வச்சிகினு இருக்கான்டா!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். இனி பார்க்க என்ன இருக்கிறது?

முதலாளி ராமசாமி மெஷின் ரூமுக்குள் பாய்ந்தார்.

"இன்னாடா மாயவா, மூணாம் ரீல்லயே குட்டு ஒடஞ்சா எவன்டா நாளைக்கி வருவான்? ஒழுங்கு பண்ணு. இல்ல, வேற வேல பாத்துக்க."

மாயவன் பாட்டை மொத்தமாக வெட்டி டப்பாவில் போட்டான்.

மறுநாள் கூட்டம் நெரிந்தது. வேப்பிலை, எலுமிச்சம்பழம் சகிதமாக. பாட்டு வராததும் கொளஞ்சியம்மாள் எழுந்துவிட்டாள்.

"யோவ் ஆப்பரேட்டரு, பாட்டப் போடுய்யா! எம்மாடு காணாமப் போயி எட்டு நாளாவுது. கேக்கணும்!"

"சினிமாவுலயா மாட்டக் கேப்ப?"

"சாமியக் கேக்கறன்யா! நீ பாட்டப் போடு!"

கொலைகாரன் பிடிபட்ட பிறகு பாடினால் என்ன கெட்டுவிடும் என்று, கடைசி ரீலின் வாலில் அவசரமாக ஒட்டினான். திரையில் வக்கீலுக்கு விலங்கு மாட்டியாயிற்று. பாட்டு வந்தது. பெருமாயிக்கும் வந்தது.

"அவன வுடுங்கடா! கொன்னவன் டாக்டருடா!"

"நேத்து வக்கீலுன்னியே ஆத்தா?" என்றான் கூட்டத்திலிருந்த இருசப்பன், கைகட்டி.

"நேத்து அவசரப்பட்டுட்டன்டா!"

அவ்வளவுதான். வக்கீலை அவிழ்த்துவிடாமல் நகர மாட்டோம் என்று கூட்டம் குந்திவிட்டது. "படத்துல இருக்கறவன நான் எப்பிடிய்யா அவுக்கறது?" என்று முதலாளி கும்பிட்டும் பலனில்லை. அடுத்த ஆட்டம் ரத்து.

மூன்றாம் நாள், படத்துக்கு முன்னாலேயே பாட்டை ஓட்டினான். அப்போது திரையில் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. பெருமாயியின் கண் தரைக்கு இறங்கியது.

"கொளஞ்சி! உம்மாட்ட ஓட்டிகினு போனவன் தோ பெஞ்சில குந்திகினு இருக்கான்டி!"

பெஞ்சில் குந்தியிருந்தவர் முதலாளி ராமசாமி.

கூட்டம் கிழித்த சட்டையோடு அவர் மெஷின் ரூமுக்கு வந்தார். "நாளைக்கி படக் கம்பெனி ஆளு ரீல் பெட்டியெடுக்க வரான். பாட்ட வெட்டினன்னு நீயே சொல்லு. வேலையும் போச்சு, ஜெயிலுக்கும் போ!"

காலையில் மாயவன் பாட்டைப் பழையபடி மூன்றாம் ரீலிலேயே ஒட்டிவைத்தான். கம்பெனி ஆள் வந்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"பாட்ட வெட்டினது நான்தாங்க. புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சிடுங்க."

அந்த ஆள் ஒவ்வொரு ரீலாக அளந்தார். ஓர் அடிகூடக் குறையவில்லை, கூடவுமில்லை. பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"எந்தப் பாட்டுய்யா? பாட்டே இல்லன்னுதான இந்தப் படத்த ஒரு ஊர்லயும் எவனும் எடுக்க மாட்டேங்கறான்!"